எந்தக் கண்ணுக்குப் பயப்படுகிறீர்கள்?

தியானப் பகுதி: கலாத்தியர் 3:1-5, மாற்கு 7:20-23



கிரேக்க தேசத்தில் ஒரு குழந்தையைப் பார்த்து யாராவது "எவ்வளவு அழகு!" என்று சொல்லிவிட்டால், உடனே "ஃப்தூ, ஃப்தூ, ஃப்தூ" என்று மூன்று தரம் துப்புவதுபோலச் செய்கிற வழக்கம் உண்டு. ஏன்? கண்ணு பட்டுடக் கூடாதாம்! இந்தக் கண்ணேறுக்கு அங்கே 'மாத்தி' என்று பேர். அதற்குக் கண் என்றே அர்த்தம். தலை வலித்தாலும், ஓயாமல் கொட்டாவி வந்தாலும், காரணமில்லாமல் சோர்ந்தாலும் 'மாத்தி' என்பார்கள். வீட்டுப் பெரியவள் ஒருத்தி தண்ணீரில் ஒலிவ எண்ணெயைச் சொட்டு விட்டு, அது கலைகிற விதத்தைப் பார்த்துக் கண் பட்டிருக்கிறதா என்று சொல்லுவாள். பிறகு ரகசியமாய் ஒரு மந்திர ஜெபத்தை முணுமுணுப்பாள். அதில் இயேசுவின் நாமமும் கலந்திருக்கும்! அந்த நாட்டு ஆர்த்தடாக்ஸ் சபையிலே கண்ணேறுக்கு விரோதமாகக் குருவானவர் வாசிக்கிற ஜெபம் உண்டு. ஆனால் மணியையும் எண்ணெய்ச் சடங்கையும் அந்தச் சபையும் ஏற்கிறதில்லை.

அந்தத் தேசத்துக் கதை நமக்கெதுக்கு என்று கேட்காதீர்கள். பூசணிக்காய் உடைக்கிற நம்மூரிலும் இதே பயம்தானே! இப்போது கண் வரைந்த அந்த நீலக் கண்ணாடி மணியைக் கைச்சங்கிலியில் கோர்த்து, "இது உங்கள் உள்சக்தியைக் காக்கும்" என்று உலகமெங்கும் விற்கிறார்கள். நம் வாலிபப் பிள்ளைகள் சிலருடைய கையிலும் அது தொங்குகிறது.

இது இன்று நேற்று வந்த பயமல்ல. கி.மு. 6-ஆம் நூற்றாண்டிலேயே ஏதென்ஸ் குயவர்கள் மதுக்கிண்ணங்களில் இரண்டு பெரிய கண்களை வரைந்தார்கள். கண்ணைக் கண்ணால் தடுக்கவே அப்படிச் செய்தார்கள் என்று பலர் கருதுகிறார்கள். அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி வாழ்ந்த புளூட்டார்க் என்ற கிரேக்க அறிஞர், பொறாமை நிறைந்தவனுடைய பார்வை விஷம் தடவின அம்பைப்போல் பாயும் என்று எழுதினார். யூத்தெலிதாஸ் என்ற அழகனைப் பற்றியும் அவர் சொல்லுகிறார். அவன் தண்ணீரில் தன் சாயலைப் பார்த்து, தன் கண்ணே தன்மேல் பட்டு, அழகை இழந்தானாம். பாருங்க, நீல மணி கட்டினாலும் சொந்தக் கண்ணுக்கு யார் காவல்?

பிரியமானவர்களே, கலாத்தியர் 3:1-ஐத் திறந்து பாருங்கள். உங்களை மயக்கினவன் யார் என்று பவுல் கேட்கிற இடத்தில், அவர் கிரேக்கில் எழுதின சொல் 'பஸ்கைனோ'. கண் வைத்தல் என்பதற்கு அந்த ஜனங்கள் சொன்ன சொல் அதுவே! ஆனால் பவுல் அவர்களுக்கு மணி கட்டினாரா? எண்ணெய் சொட்டினாரா? இல்லை. சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்து உங்கள் கண்முன் வைக்கப்பட்டாரே என்று நினைப்பூட்டினார். அவர்கள் கண் சிலுவையை விட்டு விலகினது. மயக்கம் அங்கேதான் ஆரம்பித்தது. அடுத்து அவர் கேட்கிறார்: நீங்கள் ஆவியைப் பெற்றது எப்படி? விசுவாசத்தினாலே அல்லவா? அப்படியானால், பிறத்தியார் உறிஞ்சிக்கொள்ளுகிற 'சக்தி' எங்கே, பிதா அருளுகிற ஆவியானவரின் பெலன் எங்கே! தேவன் தந்ததை ஒரு மனுஷக் கண் திருட முடியுமா?

அப்படியென்றால் வன்கண்ணே கிடையாதா? உண்டு! வேதத்திலேயே உண்டு. ஆனால் மாற்கு 7:22-ல் இயேசு அதை எங்கே வைத்தார்? பக்கத்து வீட்டில் வைக்கவில்லை, உள்ளே, மனுஷனுடைய இருதயத்தில் வைத்தார். மத்தேயு 20-ல் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக்கூலி கிடைத்தபோது, காலையிலிருந்து உழைத்தவனுக்கு வயிறு எரிந்தது. அவனுக்கு ஒரு காசும் குறையவில்லை. அண்ணன் தம்பி பிழைத்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அதுக்குப் பேர்தான் வன்கண்!

சபையாரே, இந்தப் பயம் நமக்குள் என்ன செய்கிறது தெரியுமா? பிள்ளைப் பிரதிஷ்டை ஆராதனையில் எல்லாரும் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். பிள்ளையில்லாத ஒரு சகோதரி கை நீட்டினால், தாய் மெதுவாய்ப் புடவையால் மூடிக்கொள்ளுகிறாள். "அவங்க கண்ணு ஒரு மாதிரி" என்று காதோடு காதாய்ச் சொல்லுகிறார்கள். அந்தச் சகோதரி வீட்டுக்குப் போய் அழுவாளே! சக்தியைக் காக்கிறோம் என்று அன்பைக் கொன்றுபோட்டோம். அன்னாளின் கண்ணீரைக் கண்ட தேவன் இதையும் காண்கிறார்.

கிரேக்கர் வாழ்ந்த எபேசு பட்டணத்தில் என்ன நடந்தது? அப்போஸ்தலர் 19-ஐ வாசியுங்கள். மாயவித்தைப் புஸ்தகங்களைக் கொண்டுவந்து எல்லார் முன்பாகவும் சுட்டெரித்தார்கள். அதின் மதிப்பு 50,000 வெள்ளிக்காசு. அங்கேதான் வசனம் பலமாய் விருத்தியாயிற்று! எழுப்புதல் வேணும் என்கிறோமே, நாம் எதை எரிக்கப் போகிறோம்?

இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். கையிலோ வாசலிலோ தொங்குகிற மணியைக் கழற்றிப் போடுங்கள். யாருடைய ஆசீர்வாதத்தைக் கண்டு உங்கள் மனம் எரிந்ததோ, அவருக்காகப் பேர் சொல்லி ஸ்தோத்திரம் செய்யுங்கள். யாருடைய கண்ணுக்குப் பயந்து ஒதுங்கினீர்களோ, அவர் வீட்டுக்குப் போய், உங்கள் குழந்தையை அவர் மடியில் கொடுத்து, ஜெபிக்கச் சொல்லுங்கள்.

ஜெபம்: பரம பிதாவே, என் கண்ணைச் சுத்திகரியும். பிறர் வாழ்வைக் கண்டு எரியாமல் மகிழுகிற கண்ணைத் தாரும். மனுஷப் பார்வைக்கு நடுங்காமல், சிலுவையையே நோக்கிப் பார்க்க உமது ஆவியினால் என்னை நிரப்பும். இயேசுவின் நாமத்தில், ஆமென். அல்லேலூயா!