சொன்ன தேதி

ஐயப்பன்தாங்கலில் குடியிருப்பதில் ஒரு வசதி உண்டு. மாநகர பஸ் டெப்போ இங்கேயே இருக்கிறது. பல பஸ்கள் இங்கிருந்து கிளம்புவதால் விடிகாலையில் ஏறினால் உட்கார இடம் கிடைத்துவிடும். போரூர் சிக்னலில் ஏறுகிறவர்களுக்கு அது நிச்சயமில்லை. இருட்டு விலகுவதற்குள் கிளம்பும் பஸ்களில் யார் யார் போகிறார்கள் என்று கவனித்தால் சென்னை யாருடைய கையால் தினமும் எழுந்து நடக்கிறது என்பது தெரியும். ராமச்சந்திரா ஆஸ்பத்திரிக்குக் காலை ஷிஃப்ட் போகும் நர்ஸ்களும் துப்புரவுப் பெண்களும் இருப்பார்கள். கூடையோடு மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். வடபழனி, கே.கே.நகர் பக்கம் வீட்டு வேலைக்குப் போகும் அம்மாக்களும் உண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும், இவர்களில் பலருடைய நாள் முழுக்க அந்த பஸ்ஸோடு பிணைந்துபோனது.

இவர்கள் யாரும் ‘பஸ் வருமா, வராதா’ என்று யோசித்துக்கொண்டு வீட்டை விட்டு இறங்குவதில்லை. வரும் என்று வைத்துத்தான் அலாரம் வைக்கிறார்கள், உலை ஏற்றுகிறார்கள், பிள்ளைகளுக்கு டிபன் கட்டி வைக்கிறார்கள். ஒருவர் நம்மை முழுதாக நம்பிவிட்டார் என்றால், அந்த விஷயத்தைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிடுவார். அந்தக் கவலையிலிருந்து மீளும் மனசு வேறு வேலைக்குப் போகும். அதைவிடப் பெரிய உதவியை ஒரு மனுஷர் இன்னொருவருக்குச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் அண்ணன் மகள் போரூர் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்: “அத்தை, ஆபீஸ்ல எல்லாரும் கமிட்மென்ட், கமிட்மென்ட்டுன்னு சொல்றாங்க. ராத்திரி பத்து மணி வரைக்கும் சீட்ல உக்காந்திருக்கிறதுதான் கமிட்மென்ட்டா? சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பினா ஒரு மாதிரி பாக்கறாங்க.”

அப்போது எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். இன்னும் கொஞ்சம் யோசித்திருந்தால் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

உத்தியோகத்தில் ஒருவர் முன்னேறுவதற்கு நம்பகம் எவ்வளவு உதவும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மர்ரே பேரிக், மைக்கேல் மவுன்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1991-இல் முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் திரட்டிப் பார்த்தார்கள். குணங்களில் எது வேலைத்திறனோடு சேர்ந்து வருகிறது என்பது அவர்களுடைய கேள்வி. கலகலப்பாகப் பழகும் குணம் விற்பனை போன்ற சில வேலைகளுக்குத்தான் கைகொடுத்தது. அவர்கள் பார்த்த எல்லா வகை வேலைகளுக்கும் பொருந்தி வந்தது, எடுத்த காரியத்தை ஒழுங்காக முடிக்கும் பொறுப்புதான்.

ஆனால் அந்தப் பொறுப்பைப் பிறவிக் குணம் என்றோ மனவுறுதி என்றோ சொல்லிவிடுகிறார்களே, அதில்தான் எனக்குச் சம்மதமில்லை. பெரும்பாலும் அது முந்தின நாள் செய்து வைத்த வேலை. விடிகாலை பஸ் நேரத்துக்குக் கிளம்புகிறதென்றால் அதற்கு டிரைவரின் சுறுசுறுப்பு மட்டும் போதாது. முந்தின ராத்திரி கடைசி நடை முடிந்து வண்டி டெப்போவுக்குள் நுழைந்ததும், கிளட்ச் இழுக்கிறது, பிரேக் சரியில்லை என்று டிரைவர் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஊர் தூங்கும்போது ஒரு மெக்கானிக் அதைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். டீசல் நிரப்பியிருக்க வேண்டும். காலையில் சீட்டில் உட்காருகிறவர் அந்த ராத்திரி வேலையைத்தான் ஓட்டிக்கொண்டு போகிறார்.

மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912-இல் பஸ் விடத் தொடங்கினார். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்பது தென் மாவட்டங்களில் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லும் கதை. எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்குப் பின்னால் இருக்கும் இன்னொரு செய்தி. அன்றைய ரோடுகளில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான் அதிகம். கழன்று விழும் லாட ஆணிகள் ரோடெங்கும் கிடக்கும். பஸ் டயர் பஞ்சராக அதில் ஒன்று போதும். அதனால் பெரிய காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை ரோட்டில் விட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தார்கள் என்று சொல்வார்கள். பஞ்சரானதும் ஓடிப்போய் ஒட்டும் ஆளை எல்லோரும் பாராட்டுவோம். ஆணி பொறுக்கினவரை ஒருவருக்கும் தெரியாது. ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படுகிறார். வியாழக்கிழமை வரப்போகும் சிக்கலைத் திங்கட்கிழமையே பார்த்துச் சரிசெய்துவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிறவர் கண்ணில் படுவதில்லை. ஆளை எடைபோடும் இடத்தில் இருக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எங்கள் தெருமுனையில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். இரண்டு மிஷின் வைத்திருக்கிறார். கொக்கி வைக்கவும் ஹெம்மிங்குக்கும் கூட ஒரு பெண். தீபாவளிக்கு இன்னும் வாரக்கணக்கில் நாள் இருக்கும்போதே ஷட்டரில் அட்டை தொங்கிவிடும்: ‘தீபாவளி ஆர்டர் முடிந்தது’. அதைப் பார்த்த பிறகும் துணிப்பையோடு உள்ளே போய் நிற்கும் பெண்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

“அக்கா, ஒரே ஒரு பிளவுஸ்தான், ப்ளீஸ்க்கா.”

“இல்லம்மா. இப்ப வாங்கினேன்னா உனக்கும் குடுக்க முடியாது, முன்னாடியே குடுத்து வெச்சவங்களுக்கும் குடுக்க முடியாது. தீவாளி கழிச்சு எடுத்துட்டு வா.”

அவருடைய நோட்டை ஒரு தடவை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் துணியிலிருந்து விரலகலத்துக்கு வெட்டிப் பின் அடித்த துண்டு. பக்கத்தில் அளவு, கழுத்து எப்படி இறங்க வேண்டும் என்று பென்சிலால் ஒரு வளைவு. அதன் கீழே இரண்டு தேதி. வட்டம் போட்ட தேதி வாடிக்கையாளருக்குச் சொன்னது. அதற்கு இரண்டு நாள் முந்திய தேதி அவர் தனக்கென்று வைத்துக்கொண்டது. எதற்கு இரண்டு என்று கேட்டேன். “லைனிங் துணிய நனைச்சுக் காய வெக்காம தெச்சா அப்புறம் சுருங்கிடும். ஐப்பசி மழைல அது காய ரெண்டு நாள் ஆவும். கரண்டு போவும். கொக்கி வெக்கிற பொண்ணுக்கு உடம்புக்கு வரும். அதுக்கெல்லாம் நாள் நான் எங்கேர்ந்து கொண்டாறது?” என்றார்.

அந்த அட்டையைத் தொங்கவிடுவதால் அவருக்குப் பண நஷ்டம். வருஷத்தில் அதிகம் சம்பாதிக்கும் சமயத்தில் வருகிற காசை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார். வீட்டு வாடகையும் பிள்ளை படிப்பும் இருக்கும் ஒருவருக்கு அது லேசான காரியமில்லை. ஆனால் இந்தப் பகுதியில் கல்யாணம் என்றால் முகூர்த்தப் புடவைக்கான பிளவுஸ் அவரிடம்தான் போகிறது. வீட்டில் ஆயிரம் வேலை நடக்கும் அந்த வாரத்தில், பிளவுஸ் வந்ததா என்று யாரும் போன் பண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அவர் அனுபவத்தில் கண்டதைக் கனடாவில் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள். ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு அது. பட்டப்படிப்பின் கடைசியில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாளாகும் என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். முடிக்க ஆனது 55 நாளுக்கும் மேல். தேதி சொல்லும்போது நாம் வேலையை மட்டும் மனசில் ஓட்டிப் பார்க்கிறோம், போன தடவை என்ன ஆனது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ‘பத்து நிமிஷத்துல வந்துடறேன்’ என்று நம்மூரில் போனில் சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. அந்தப் பத்து நிமிஷத்துக்குள் போரூர் சிக்னல் வராது என்று மனசார நம்பித்தான் சொல்கிறார்கள். ஆகவே வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு என் முதல் யோசனை, நீங்கள் சொன்ன தேதியையும் உண்மையில் முடித்த தேதியையும் பக்கம் பக்கமாகக் குறித்து வையுங்கள் என்பதுதான். சில மாதத்தில் உங்களைப் பற்றி உங்களுக்கே ஒரு கணக்குப் பிடிபட்டுவிடும். அடுத்த தேதியை அந்தக் கணக்கைப் பார்த்துச் சொல்லலாம்.

இரண்டாவது யோசனையை அன்றைக்கே என் அண்ணன் மகளிடம் சொன்னேன், அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. முடியாது என்று தெரிந்த அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை தர வேண்டிய வேலை தவறும் என்று புதன்கிழமையே தெரிந்தால், டீம் லீட் இன்னொருவரைக் கூடப் போடலாம், கேட்டவர்களிடம் பேசி நாள் வாங்கலாம். வெள்ளி சாயங்காலம் சொன்னால் அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. அவள் சொன்னாள்: “முடியாதுன்னு சொன்னா இவ லாயக்கில்லன்னு முடிவு பண்ணிடுவாங்க அத்தை. வேலைய விட்டுத் தூக்கற அடுத்த லிஸ்ட்ல என் பேருதான் இருக்கும்.”

அந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். வீட்டுக் கடனும் தம்பி படிப்பும் தலைமேல் இருக்கிற பிள்ளையிடம் ‘தைரியமாகச் சொல்’ என்று வசனம் பேசுவது எளிது. உண்மையைச் சொன்னால் தண்டனை கிடைக்கும் இடத்தில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் நம்பகத்தைத் தனி ஆளின் குணம் என்று மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை என்கிறேன்.

மற்றப் பாதியைப் பார்க்க இங்கிருந்து வடக்கே போகலாம். அம்பத்தூருக்குப் பக்கத்தில் பாடி இருக்கிறது. அங்கே வாகனங்களுக்கு ஏர் பிரேக் செய்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1998-இல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. இந்தியாவில் அந்த விருது வாங்கிய முதல் நிறுவனம் அதுதான். 2002-இல் ஜப்பான் தரப் பதக்கமும் வந்தது. பிரேக் செய்கிற இடத்தில் ‘பரவாயில்லை, ஓடும்’ என்று எதையும் அனுப்ப முடியாது. விருதுக்குப் பெயர் தந்த எட்வர்ட்ஸ் டெமிங் ஓர் அமெரிக்கப் புள்ளியியலாளர். 1950-இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் பாடம் எடுத்தவர். தவறுகளில் பெரும்பகுதி வேலை அமைக்கப்பட்ட விதத்திலிருந்து வருகிறது, தொழிலாளியைத் திட்டுவதால் அது சரியாகாது என்பதைக் கடைசிவரை வலியுறுத்தினார். பயத்தை வேலை இடத்திலிருந்து விரட்டுங்கள் என்பது நிர்வாகிகளுக்கு அவர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. என் அண்ணன் மகள் படிப்பதைவிட அவளுடைய மேலாளர் படிக்க வேண்டிய பாடம் அது.

தவறு ஆளிடம் இல்லை என்பது சில சமயம் எல்லோருக்கும் தெரிகிறது. சென்னைப் பெருவெள்ளத்தின்போது, 2015 டிசம்பர் 2-ஆம் தேதி, ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் இங்கே அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகை. மறைமலை நகரில் உள்ள அச்சகத்துக்கு வெள்ளத்தைத் தாண்டித் தொழிலாளர்களால் போய்ச் சேர முடியவில்லை. அன்றைக்கு யாரும் அந்தத் தொழிலாளர்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லவில்லை. வெள்ளத்தை ஊரே பார்த்தது.

ஆனால் தினமும் சிலருக்கு மட்டும் வருகிற வெள்ளம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எங்கள் அடுக்ககத்துக்குக் காட்டுப்பாக்கம் பக்கத்திலிருந்து வீட்டு வேலைக்கு ஓர் அம்மா வருகிறார். தண்ணீர் லாரி வரும் காலைகளில் குடங்களை நிரப்பி வைத்துவிட்டுத்தான் அவரால் கிளம்ப முடியும். லாரி எப்போது வரும் என்று லாரிக்காரருக்கே தெரியாது. பூந்தமல்லி பைபாஸ் வரை போகும் மெட்ரோவுக்காக மவுண்ட்–பூந்தமல்லி சாலையைத் தடுப்பு வைத்துக் குறுக்கியிருந்த காலத்தில் பஸ்ஸும் எந்நேரம் வரும் என்று சொல்ல முடியவில்லை. என்னிடம் ஸ்கூட்டர் இருக்கிறது, அது ஓடவில்லையென்றால் ஆட்டோவுக்குக் காசு இருக்கிறது, மேலே தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. நான் நேரம் தவறாத ஆள் என்று பெயர் வாங்கியதில் இந்த மூன்றுக்கும் பங்கு உண்டு. அவரிடம் மூன்றும் இல்லை. அவர் கால் மணி நேரம் பிந்தினால் லிஃப்ட்டில் நின்றுகொண்டே சொல்கிறார்கள்: “இவங்களுக்கெல்லாம் கமிட்மென்டே கிடையாது.”

அப்படிச் சொல்கிற வீடுகள் சிலவற்றில் ஒன்றாம் தேதி வர வேண்டிய சம்பளம் ஐந்தாம் தேதி வருகிறது, சில மாதம் எட்டாம் தேதி. மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஏ.டி.எம். போக நேரமில்லை, வெளியூர் போயிருந்தோம், மறந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த அம்மா தன் தெருவில் மாதச் சீட்டு கட்டுகிறார், மகளுடைய காலேஜ் ஃபீஸுக்காக. ஐந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளம் பிந்தினால் சீட்டு பிந்தும். ஒழுங்காகக் கட்டாதவர் என்று பெயர் வந்துவிட்டால், அவசரத்துக்குச் சீட்டு எடுக்கிற நேரத்தில் ஜாமீன் நிற்க ஆள் கிடைக்காது.

எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் நான் இதைப் பேசினேன். வேலைக்கு வருகிறவர்கள், வாட்ச்மேன், குப்பை எடுக்கிறவர் எல்லோருக்கும் ஒன்றாம் தேதி காலையிலேயே பணம் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் சரி என்றார்கள். மற்றவர்கள் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கேட்கப்போகிறேன்.