தூது சென்ற பறவையும் துப்பாக்கி ஏந்திய கையும்



திருவாய்மொழி முதற்பத்தின் நான்காம் திருவாய்மொழியில் பராங்குச நாயகி எம்பெருமானிடம் தூது விடுவது பறவைகளை. அவற்றின் இரு சிறகுகளை ஞானமும் அநுஷ்டானமுமாகக் கொண்டு, அப்பறவைகளை ஆசார்யர்களாகவே காண்பது ஆசார்ய ஹ்ருதயம் காட்டும் ஸ்வாபதேசம். இதை அநுஸந்திக்கும் நமக்கு, நீர்ப்பறவைகளைப் 'பொறுப்புடன்' வேட்டையாடுதல் என்னும் பேச்சே செவிக்கு ஏறாது. ஆயினும் அமெரிக்க தேசத்தில் வாழும் ஸ்ரீவைஷ்ணவர்கள் அயலாரிடம் இதைக் கேட்க நேர்கிறது. ஆகையால் பூர்வபக்ஷத்தைக் குறைக்காமல் எடுத்துரைப்பதே முறை.

அவர்தம் நெறி வெறும் பேச்சன்று. அந்நாட்டில் வலசை வரும் நீர்ப்பறவைகளைச் சுடுவோர் ரவைத் துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இடலாகாது; நாளொன்றுக்கு இத்தனை என்ற வரம்பைக் கடக்கலாகாது; வீழ்ந்த பறவையைத் தேடி எடுக்க முயலாது விடுவதும் குற்றம். 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை நாடெங்கும் விலக்கப்பட்டது. சேற்றில் கிடக்கும் ஈயத்தை இரையோடு விழுங்கிய வாத்துகள் நஞ்சேறி மடிந்தமையே காரணம். 1934இல் வந்த சட்டப்படி வேட்டைக்காரர் வாங்க வேண்டிய முத்திரைவில்லையின் தொகை, சதுப்பு நிலங்களைக் காக்கச் செல்கிறது. நல்ல வேடன் கூட்டத்தை நோக்கிக் குருட்டாம்போக்கில் சுடான். ஒன்றைக் குறித்து, அது அருகே வந்தாலன்றி விசையைத் தொடான். தொலைவில் சுட்டால் ரவை சிதறி, பறவை சாகாமல் புண்பட்டுப் பறந்துபோகும் என்பதை அவன் அறிவான். ஏரியைத் தூர்த்து மனையாக்கிவிட்டுப் புலால் உண்ணாமையைப் பெருமை பேசுவோரைவிட எம்மால் பறவையினம் பிழைக்கிறது என்று அவர்கள் கூறினால், மறுப்பது எளிதன்று.

ஸித்தாந்தம் யாது? சரணாகதியின் அங்கமான ஆநுகூல்ய ஸங்கல்பத்தை, எல்லா உயிர்களிடத்தும் அநுகூலமாயிருத்தல் என விவரிக்கிறது லக்ஷ்மீ தந்த்ரம். இந்த ஸங்கல்பம் எதிர்ப்படும் ஒவ்வோர் உயிரையும் தனித்தனியே தழுவும். வேட்டை நெறியோ இனத்தின் தொகையைக் கணக்கிடும்; ஓர் உயிரைக் கணக்கிட அதற்கு வழியில்லை. கனடா வாத்துகள் பெரும்பாலும் வாழ்நாள் துணையோடு திரிவன. வரம்புக்குள், சட்டப்படி, நோவின்றி ஒன்றை வீழ்த்தினும் அதன் துணை எஞ்சி நிற்கும். ஸ்ரீராமாயணம் பிறந்தது அப்படி எஞ்சிய க்ரௌஞ்சப் பேடையின் அழுகையில். வேடன் எத்தனை அம்பு எய்தான் என்று வால்மீகி பகவான் கேட்கவில்லை.

அதற்காக அவர்களை இகழ நமக்கு அதிகாரமுண்டோ? மஹாபாரத வனபர்வத்துக் கௌசிகன், தன்மேல் எச்சமிட்ட கொக்கைச் சினந்து நோக்கியே கொன்றான். கையில் வில்லில்லை, பசியும் காரணமன்று. பின்னர் அவன் தர்மம் கேட்கச் சென்றது மிதிலையில் இறைச்சி விற்றவனிடம். உழவிலும் எத்தனையோ உயிர்கள் மடிகின்றன என்று அவன் எடுத்துக் காட்டினான். நம் தளிகைக்கு வரும் அரிசியும் அக்கணக்கில் அடங்கும்.

அயலார் வேட்டைக்கு அழைத்தால் பணிவோடு மறுக்கலாம். அவரே சதுப்பு நிலத்தைத் துப்புரவு செய்ய அழைத்தால், மறுக்கக் காரணம் காணோம்.