எந்த டிஸ்க்?

தாத்தா பாட்டி பால்மரம் சீவிய தோட்டங்களை விட்டு மலேசியாவின் ஈப்போவுக்கு வந்த குடும்பங்களில், இன்று சர்வர் அறைக்குள் நுழையும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஈப்போவிலேயே 1969 முதல் உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளோமா முடித்த கையோடு ஸ்டோரேஜ் வன்பொருள் பராமரிப்புச் சான்றிதழ்த் தேர்வுக்குப் பணம் கட்டுகிறவர்கள் முதலில் தேடுவது எதை? போன முறை வந்த கேள்வி பதிலை. உருப்போட்டுத் தேறிவிடலாம், மறுப்பதற்கில்லை.

வேலை வேறு மாதிரி. பல ஹார்ட்டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாகச் சேர்க்கும் ரெய்டு 5 முறையில் ஒன்று பழுதானாலும் தரவு பிழைக்கும். மாற்றுவதற்குள் இன்னொன்றும் போனால் எல்லாம் போச்சு. ரெய்டு 6 இரண்டு வரை தாங்கும். பழுதைக் காட்டும் ஆரஞ்சு விளக்கு எரிகிறதே என்று உடனே கைவைக்கக் கூடாது. திரை காட்டும் ஸ்லாட் எண்ணையும் டிஸ்க்கின் வரிசை எண்ணையும் ஒப்பிட வேண்டும். அவசரத்தில் பக்கத்து நல்ல டிஸ்க்கை உருவினால், ரிப்பேர் பார்க்க வந்தவரே ரெய்டு 5 தொகுப்பைச் சாய்த்துவிடுவார். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும் என்று பாட்டிக்குத் தெரியும்; அதே பக்குவம்தான். புது டிஸ்க் மாட்டிய பிறகும் மீட்டமைப்பு பல மணி நேரம் ஓடும். மிச்சமுள்ள டிஸ்க்குகள் பெரும்பாடு படுவது அப்போதுதான்.

தேர்வு எழுதப் போகிறீர்களா? பழைய சர்வர் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். ஒரு டிஸ்க்கை நீங்களே உருவி, வேறொன்றை மாட்டி, மீளும்வரை உட்கார்ந்து பாருங்கள். கேள்வித்தாளை அப்புறம் திறக்கலாம்.