வாரிசு

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் ஊர். இந்த முறை பத்து நாள் இருந்தோம். கிளம்புவதற்கு முந்தின நாள் வரப்பில் நின்றபடி அம்மா சொன்னாள்: "பக்கத்து வயல் விலைக்கு வருதுடா, வாங்கிப் போடேன்."

"முடியாதும்மா. அமெரிக்கக் குடியுரிமை எடுத்தாச்சே. ஓசிஐ அட்டைக்கு வீடு வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது."

"அப்ப நம்ம வயலு?"

"அது வாரிசா வரலாம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. வயல் அம்மா பேரில் இருக்கிறது. "அப்ப சரி" என்று சிரித்தாள்.

மகளுக்காகத்தான் நியூ ஜெர்சி போனேன் என்று இத்தனை வருடம் சொல்லி வந்திருக்கிறேன். ஊருக்கு வந்த மூன்றாம் நாளே மகள், "வீட்டுக்கு எப்பப்பா போறோம்?" என்றாள். நிம்மதியாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. அவளுக்கு ஒரு வீடு அமைந்துவிட்டது. அதற்கான விலையில் பெரும்பங்கை அம்மா தனியாக இருந்து கொடுத்திருக்கிறாள். தருகிறாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை.

ஒருவர் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்பதால் நம் கடன் தீர்ந்துவிடுமா? தீராது என்றுதான் தோன்றுகிறது. அம்மாவின் சிரிப்பு அவளுடைய பெருந்தன்மை. எனக்கான ரசீது இல்லை.

அடுத்த முறைக்கு இரண்டு மாதம் விடுப்பு கேட்டிருக்கிறேன். அதனால் கணக்கு நேராகாது. ஆனால் நிலம் மாதிரி, கூட இருப்பதை அவளுக்குப் பிறகு வாங்கிக்கொள்ள முடியாதே.