இறந்தோர்க்கு இரக்கம், இருப்போர்க்கு?

அண்மையில் ஒருநாள் ஓய்வை நாடிக் குடும்பத்தோடு தனுஷ்கோடிக்குச் சென்றிருந்தோம். இராமேசுவரத்திற்குத் தென்கிழக்கே, நிலம் குறுகிக் குறுகிக் கடலுள் முடியும் இடம் அது. ஒருபுறம் அலையடங்கிய பாக் நீரிணை; மறுபுறம் கொந்தளிக்கும் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அப்பகுதி மக்கள் அழைப்பர்.

1914ஆம் ஆண்டு முதல் இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. இலங்கையில் வணிகம் செய்த நம் முன்னோர் பலர் இவ்வழியே போய் வந்தவர்கள்தாம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் பொங்கியெழுந்த கடல் ஊரை விழுங்கியது. நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் வண்டியையும் விழுங்கியது. அவ்வண்டியில் இருந்தோர் எவரும் மீளவில்லை. மக்கள் வாழத் தகாத இடமென அரசு அறிவித்தது. ஆயினும் மீனவர் சிலர் அம்மண்ணை விட்டு அகலவில்லை. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை அமைந்தபின், நம்மைப் போன்றோர் நாள்தோறும் வந்து குவிகின்றனர்.

இடிந்த தேவாலயத்தின் சுவர்களிடையே நம் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடினர். இத்தனை பேர் மாண்ட இடத்தில் இவ்வளவு சிரிப்பு தகுமா என்று உள்ளம் உறுத்தியது. அவர்களை அடக்கினோம். அந்த வண்டியில் வந்தவர்களை எண்ணிப் பெருமூச்செறிந்தோம்.

சற்று நேரத்தில், கீற்றுக் கொட்டகையில் சிப்பிமாலை விற்ற ஒரு மூதாட்டியிடம் விலை கேட்டோம். அவர் சொன்ன விலையில் பத்து ரூபாயைக் குறைக்கும்படி நெடுநேரம் வாதாடி, வென்றும் விட்டோம். அப்போது நம் சிறுமகள் தண்ணீர் கேட்டாள். மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து அவர் ஒரு செம்பு நீர் கொணர்ந்து கொடுத்தார். உப்புக் கடலுக்குக் கூப்பிடு தொலைவில் அத்துணை இனிய நீர்! காசு நீட்டினோம். "தண்ணிக்கா காசு, ஐயா?" என்று மறுத்துவிட்டார்.

நாம் வெட்கித்தோம். துயர் நிகழ்ந்த மண்ணில் மகிழ்வது குற்றமா என்பதல்லவா நம் கேள்வியாக இருந்தது? குற்றமென்றால், மனிதர் சிரிப்பதற்கு இப்பூமியில் இடமே எஞ்சாது. மரணம் காணாத மண் எங்குளது? குழந்தைகளின் சிரிப்பு எவரையும் நோகச் செய்யவில்லை. நம் பேரம்தான் நோகச் செய்தது.

மாண்டவர்மீது கொள்ளும் இரக்கம் எளிது; அது நம்மிடம் எதனையும் கேட்பதில்லை. உயிரோடு எதிரே நிற்பவர்மீது கொள்ளும் இரக்கமோ, பத்து ரூபாயையேனும் கேட்கிறது. முதலாவதைத் தாராளமாக வழங்கிவிட்டு, இரண்டாவதில் கை சுருக்கினோம். நமக்கு ஓய்விடமான அக்கடற்கரை, அவர்களுக்கு வீடு, உழைக்கும் களம். அங்கே நாம் விருந்தினர் என்பதையே மறந்திருந்தோம்.

திரும்பிச் சென்று, குறைத்த பணத்தைக் கொடுத்தோம். அவர் அதனை வாங்கிக்கொண்டு, மற்றொரு சிறு மாலையை நம் மகளின் கழுத்தில் இட்டார். இம்முறையும் கடன்பட்டே ஊர் திரும்பினோம்.