கசப்பைத் தாங்கும் இனிமை

நடுநிலை என்றால் என்ன? இரண்டு எல்லைகளையும் பாதியாகக் குறைத்து இடையில் நின்றுகொள்வதுதானா? உண்மையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அன்பிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, யார் மனமும் நோகாமல் வாழ்வதையே நடுநிலை என்று நம்மில் பலர் எண்ணி வருகிறோம். இவ்வெண்ணம் சரிதானா என்று ஆராய்வதற்கு, நாம் இம்முறை விந்தையான ஓர் உரைகல்லைக் கையில் எடுக்கிறோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எளிய மக்கள் தங்கள் வீட்டு அடுப்பில் காய்ச்சும் ‘இந்தியா பேல் ஏல்’ என்னும் கசப்பு மிகுந்த பீரே அது.

மதுவால் குடும்பங்கள் சீரழியும் நாட்டில் இருந்துகொண்டு ஒரு பங்குத்தந்தை பீரைப் பற்றி எழுதலாமா என வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது சட்டப்படி குற்றம்; குடிக்க அழைப்பதும் நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு தொழிலின் நுட்பத்திலிருந்து அறநெறி ஒன்றைக் கற்கத் தடையில்லை. குடியினால் துன்புறும் இல்லங்களுக்கே இப்பாடம் முதலில் பயன்படும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை மால்ட் என்பர். அதன் இனிப்புச் சாற்றைப் புளிக்கவைத்துப் பெறுவதே பீர். அவ்வினிப்புக்கு எதிராகக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. 12-ஆம் நூற்றாண்டில் ரைன் நதிக்கரையில் வாழ்ந்த துறவுமடத் தலைவி புனித ஹில்டகார்டு, ஹாப்ஸ் மனச்சோர்வை வளர்க்கும் என்று குறைகூறினார். எனினும் அதன் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கிறது என்பதையும் எழுதிவைத்தார். இவரையே 2012-ஆம் ஆண்டு திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இலண்டனின் போ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் பீர், கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் ஏறி இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தது. 1820-களில் பர்ட்டன் நகரத்து ஆலைகள் அவ்வணிகத்தில் போட்டியிட்டன. அவ்வூர்க் கிணற்று நீரில் மிகுந்திருந்த ஜிப்சம் ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கியது. நெடிய கடற்பயணத்துக்கென்றே இந்தப் பீர் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்லப்படுவதை முழுதும் ஏற்பதற்கில்லை. ‘போர்ட்டர்’ என்னும் கரிய பீரும் கடல் கடந்து இங்கு வந்தது. பெயரில் மட்டும் ‘இந்தியா’ நிலைத்துவிட்டது.

பிரித்தானியாவில் 1963-இல் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு உரிமம் தேவையில்லை என்றாயிற்று. அமெரிக்காவில் 1978-இல் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழிதிறந்தது. வீட்டில் காய்ச்சுவோர் பெரும்பாலும் ஒரு முறைக்கு ஏறத்தாழ 19 லிட்டர் காய்ச்சுகின்றனர். நொறுக்கிய மால்ட்டை 66 பாகை செல்சியஸ் அளவுள்ள வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹாப்ஸுடன் இன்னொரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து, ஏறக்குறைய இரண்டு வாரம் புளிக்கவிடுகின்றனர்.

நமக்கு வேண்டிய பாடம் இனித்தான் தொடங்குகிறது. சாற்றின் அடர்த்திக்கு ஓர் அளவு உண்டு. கசப்புக்கும் ஓர் அலகு உண்டு. இந்தியா பேல் ஏலுக்குக் கசப்பு ஏறத்தாழ 40 முதல் 70 அலகு வரை வேண்டும். அடர்த்தி 1.060 உள்ள சாற்றில் 60 அலகுக் கசப்பு அழகாகப் பொருந்தும். அதே 60 அலகை 1.040 அடர்த்தியுள்ள மெல்லிய சாற்றில் ஏற்றினால் நாவைச் சுரண்டும். இங்கே கசப்பு மிகவில்லை. அதைத் தாங்கவேண்டிய உடல்தான் மெலிந்துவிட்டது. ஹாப்ஸைக் குறைத்துச் சமன் செய்யலாம். ஆனால் அப்போது கிடைப்பது இந்தியா பேல் ஏல் அன்று, வேறொரு பானம். கசப்பு குன்றாமல் சமன் செய்ய விரும்புகிறவர் மால்ட்டைக் கூட்டுகிறார்.

நம் அடுக்களையும் இதை அறியும். பாகற்காயை உப்பிட்டுப் பிசைந்து, கசப்பு முழுவதையும் பிழிந்தெறிந்துவிட்டுச் சமைப்போர் உண்டு. கசப்பை இருக்கவிட்டு, புளியும் வெல்லமும் கூட்டி அதைத் தாங்கச் செய்வோரும் உண்டு. முன்னதில் பாகற்காய் பெயரளவில்தான் இருக்கிறது.

நற்பண்பு நடுவில் நிற்கிறது என்று அரிஸ்டாட்டில் கற்பித்தார். புனித தாமஸ் அக்குவினாஸ் அதை ஏற்று விரித்தார். ஆனால் அவர்கள் கூறிய நடு, அரைகுறையின் நடு அன்று. பெருந்தன்மையுள்ளவன் தன் நோக்கின் உயரத்தால் உச்சியில் நிற்கிறான். வேண்டியபடி நிற்பதனால் நடுவில் இருக்கிறான் என்பதே அவர்களது கருத்து. ஆகவே நடுநிலை என்பது குறைத்தல் அன்று, தாங்குதல்.

இப்போது நம் இல்லங்களுக்கு வருவோம். குடிக்கு அடிமையான ஒருவர் இருக்கும் வீட்டில் இருவகையான உறவினரை நாம் காண்கிறோம். ஒருவகையினர் உண்மையை அள்ளி வீசுவர். அதைத் தாங்கும் அன்பு அச்சொல்லில் இராது. மறுவகையினர் ‘வீட்டில் அமைதி வேண்டும்’ என்று உண்மையையே பிழிந்தெறிந்துவிட்டு வாய்மூடி இருப்பர். முன்னது புண்ணாக்குகிறது, பின்னது கைவிடுகிறது. ‘நீ அழிந்துகொண்டிருக்கிறாய்’ என்ற கசப்பைக் குறைக்காமல் சொல்லவும் வேண்டும். ‘உன்னை நான் விடமாட்டேன்’ என்ற அன்பை அதற்கு ஈடாக உயர்த்தவும் வேண்டும்.

இந்த அன்பு வெறும் இனிப்பாகிவிடக் கூடாது. மால்ட்டின் சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் உண்டுவிடுகிறது, எஞ்சுவது திண்மையே. சர்க்கரை மிகுதியாக எஞ்சினால் பீர் திகட்டும். அதுபோலவே, மகன் கேட்டபோதெல்லாம் பணம் கொடுத்தனுப்பும் தாயின் கனிவும், கணவனின் குற்றத்தை ஊரறியாமல் மறைக்கும் மனைவியின் பொறுமையும் கசப்பைத் தாங்குவதில்லை, மூடிவிடுகின்றன.

காலமும் அறியவேண்டும். கொதியின் தொடக்கத்தில் இட்ட ஹாப்ஸ் கசப்பைத் தரும். மணமோ ஆவியோடு போய்விடும். கடைசி நிமிடங்களிலோ, புளித்து அடங்கிய பின்னரோ இட்டால் அதே பூ எலுமிச்சைத் தோலின் மணத்தையும் பைன் மரத்தின் மணத்தையும் தரும். பூ ஒன்றே, வேளைதான் வேறு. போதையில் தள்ளாடி வரும் இரவில் சொல்லும் சொல்லும், தெளிந்து தலைகுனிந்திருக்கும் காலையில் சொல்லும் அதே சொல்லும் ஒரே பயனைத் தருவதில்லை.

அன்பர்களே, நம் நாவில் உண்மை கடுமையாகிவிட்டதென்று நமக்கே தோன்றும்போது, உடனே அதை நீர்த்துப்போகச் செய்ய முற்பட வேண்டாம். அதைச் சுமக்கும் அளவுக்கு நம் அன்பு அடர்ந்திருக்கிறதா என்று முதலில் அளந்து பார்ப்போம். குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.