தட்டில் எழுதாத பெயர்

புகழ் யாருக்கு உரியது? இவ்வினாவை நம்முள் எழுப்பியது பழைய இசைத்தட்டு ஒன்று.

பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் ஆஸ்டின் டவுனில், நண்பர் ஒருவர் இல்லத்துப் பரண்மேல் பல்லாண்டுகள் கிடந்த தட்டுகளை அண்மையில் இறக்கித் தூசு துடைத்தோம். நாதசுரத் தட்டுகள் சில அவற்றிடையே இருந்தன. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை 1956இலும், அவர்தம் மாணவர் காருகுறிச்சி அருணாசலம் 1964இலும் மறைந்தனர். ஆயினும் அத்தகைய மேதையரின் மூச்சு, முள் தட்டைத் தொட்டவுடன் இன்றும் நம் கூடத்தை நிறைக்கின்றது.

சுவாமி புறப்பாட்டில் ஓர் இராகம் மணிக்கணக்கில் விரியும். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கமோ மூன்று நிமிடங்களுக்குச் சற்றே மிகுதி. பின்வந்த வினைல் தட்டிலும் ஏறத்தாழ இருபது நிமிடங்களே. இஃது இழப்புத்தான். எனினும், ஒன்றையே மீண்டும் மீண்டும் கேட்கும் பேற்றைத் தட்டு நல்கிற்று. மூன்றாம் முறை கேட்கையில், நாதசுரத்தின் அடியில் அசையாது நின்ற ஒற்றைச் சுரம் நம் செவியிற் பட்டது. அதுவே ஒத்து.

ஒத்துக்காரர் இராகம் வாசிப்பதில்லை. கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து, ஆதார சுருதியை அறுபடாது காப்பதே அவர் பணி. தட்டின் நடுவட்டத்தில் நாதசுரக் கலைஞர் பெயர் இருந்தது. ஒத்துக்காரர் பெயர் இல்லை.

பிற்காலத்தில் ஒத்தின் இடத்தைச் சுருதிப்பெட்டி பெற்றுவிட்டதே, பெட்டி செய்யும் பணிக்குப் புகழ் எதற்கு என்பார் உளர். அரிய திறமைக்கு அளிப்பது பரிசு. பெற்றதற்குச் செலுத்துவது நன்றி. பரிசுக்குத் தகுதி பார்க்கலாம். நன்றிக்குப் பார்த்தல் முறையன்று. செய்ந்நன்றியறிதலை வள்ளுவர் தனி அதிகாரமாகவே வகுத்தார் அன்றோ!

ஊர்விட்டு வந்த நம் குடும்பம் ஒவ்வொன்றிலும் ஓர் ஒத்துக்காரர் உண்டு. அத்தட்டுகளை வாங்கியவர் நண்பர். ஊதுவத்தி உருட்டி அவரைப் படிக்க வைத்தவர் அவர்தம் தமக்கையார். நாம் கூடத்தில் கேட்டு மகிழ்ந்தபோது அம்மையார் அடுக்களையில் இருந்தார். அவரை அழைக்கவில்லை என்பது தட்டு நின்ற பின்னரே நமக்கு உறைத்தது. ஒத்தின் பெருமை பேசிய நாவே நாணியது.

"அக்கா, வந்து உட்காருங்கள்" என்றார் நண்பர். முள்ளைத் தொடக்கத்தில் மீண்டும் வைத்தோம்.